சுவரைப் பார்த்து வைத்த முகம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மனுக்கு முகம் வந்தது நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது. அதுவரை அவளுக்கு முகம் கிடையாது. பசறைக்கு மேலே, எங்கள் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில். உள்ளே ஒரு சூலமும் மஞ்சள் பூசிய ஒரு கல்லும். அந்தக் கல்லைத்தான் எல்லோரும் அம்மா, தாயே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளும் குறை ஒன்றும் சொன்னதில்லை.

குறை சொன்னவர் பெரிய கங்காணிதான். பக்கத்துத் தோட்டத்து அம்மனுக்குப் பித்தளையில் முகம் செய்துவிட்டார்களாம். நம் அம்மன் மட்டும் மொட்டைக் கல்லாக நிற்பதா என்று அவருக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வீடு பழைய பித்தளை கேட்டார்கள். அம்மா ஓட்டை விழுந்த செம்பு ஒன்றைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினாள். பதுளையிலிருந்த ஒரு பத்தர், பித்தளைத் தகட்டை அரக்கில் பதித்துப் பின்பக்கமிருந்து தட்டித் தட்டி, சுளகு அகலத்துக்கு ஒரு முகத்தை எடுத்துக் கொடுத்தார். முன்னால் நெற்றியும் மூக்கும் உதடும் புடைத்திருக்கும். பின்னால் அதே முகம் அப்படியே குழியாக இருக்கும்.

முகத்தை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது அப்பா. பத்தர் ஒரு கட்டளையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அம்மனுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. திருவிழாவன்று அவரே வந்து உளியால் கருவிழியைக் கீறுவார். அதுவரை அந்த முகத்துக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது. பூசாரி அதை மஞ்சள் துணியில் சுற்றித்தான் வைத்திருந்தார். ஆனால் எங்கள் ஊர்ப் பனியில் துணி சொதசொதவென்று நனைந்துவிட்டது. களிம்பு ஏறிவிடுமே என்று பயந்து துணியை அவிழ்த்து, முகத்தை ஒரு முக்காலிமேல் நிறுத்தி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். நியாயமான யோசனை. வாசற்படியில் நிற்பவர்களுக்குக் குழிந்த பின்பக்கம்தான் தெரியும். முக்காலிக்கு முன்னால் தரையில் ஓர் அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள் என்பார்கள். எனக்கு அவள் பாதி அக்கா, பாதி கூட்டாளி. கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி. ஆனால் வாயில் எதுவும் நிற்காது. கண்டதைக் கண்டபடி சொல்லிவிடுவாள். சோற்றில் உப்பில்லை என்றாலும் சொல்லுவாள், பூசாரி பாட்டை மறந்துவிட்டு முனகுகிறார் என்றாலும் சொல்லுவாள். லுணுகலைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். திருவிழா முடிந்த மறுமாதம் கல்யாணம். பரிசப் புடவை வந்து பெட்டிக்குள் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பெட்டியைத் திறந்து அதைத் தொட்டுப் பார்ப்பாள்.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தபோது அம்மனின் மூக்குத்தி காணாமல் போயிற்று. சிவப்புக் கல் வைத்த ஒற்றை மூக்குத்தி; பெரிய கங்காணியின் சம்சாரம் நேர்த்திக்கடனாகக் கொடுத்தது. உள்ளே ஒரு தட்டில் பூவோடு பூவாக வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் தட்டு இருக்கிறது, பூ இருக்கிறது, மூக்குத்தி இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் எங்கள் லயத்துப் பெண்கள்தான் கோயிலைக் கழுவி மெழுகினார்கள். ஆண்கள் பந்தல் போட்டார்கள். பிள்ளைகள் நாங்கள் சும்மா உள்ளேயும் வெளியேயும் ஓடினோம். அதனால் கோயிலுக்குள் கால் வைத்த எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று பெரிய கங்காணி சொல்லிவிட்டார். பெரியவர் சின்னவர் வித்தியாசம் கிடையாது.

"மடியில கனமிருந்தாத்தான வழியில பயம்," என்று அப்பா வீட்டில் வீராப்பாகச் சொன்னார். எனக்கு மடியில் கனம் இருந்தது. கோயில் பொங்கலுக்கு வைத்திருந்த வெல்லத்தில் ஒரு கட்டியை நான் முந்தின நாள் தின்றிருந்தேன்.

முறை இதுதான். இடப்பக்கமாக வந்து, வாசற்படிக்கு வெளியே, கைகூப்பி உள்ளே பார்த்தபடி குறுக்கே நடக்க வேண்டும். வலப்பக்கத்தில் ஒரு கல்லின்மேல் கற்பூரம் எரியும். அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் எடுக்கல தாயே" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். பூசாரி அடுத்த ஆளுக்கு அடுத்த கற்பூரம் வைப்பார். பத்து மணிக்கும் மலையை மூடிக்கொண்டு பனி நின்றது. கோயிலுக்குள் அந்த அகல் விளக்கைத் தவிர வேறு வெளிச்சமில்லை.

முப்பது பேராவது இருப்போம். ஒவ்வொருவராகப் போனார்கள். போகிறபோது இருந்த முகம் வருகிறபோது யாருக்கும் இல்லை. சத்தியம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீராப்பாகப் போன அப்பாவின் குரல் கற்பூரத்தடியில் கீச்சென்று வந்தது. அம்மா நடுவில் ஒரு கணம் நின்றாள். பிறகு வேகமாக நடந்து, கற்பூரத்தை ஒரே அடியில் அணைக்க முடியாமல் இரண்டு தடவை அடித்தாள்.

அடுத்தது நான். முதலில் குழிதான் தெரிந்தது. அரக்குப் படிந்த கறுப்புக் குழி. ஒரு அடி எடுத்து வைத்தேன். குழி மேடாகிவிட்டது. மூக்கு வெளியே வந்தது, கன்னம் வந்தது, மூடின இரண்டு கண்ணும் வந்தன. சுவரைப் பார்த்து வைத்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நகர்ந்தேன்; அதுவும் மெதுவாகத் திரும்பி என்னோடு கூடவே வந்தது. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வெல்லக்கட்டிக்குத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்துவிட்டது. கற்பூரத்தை அடித்தேன், "நான் எடுக்கல" என்று உளறினேன், ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மாவின் உடம்பும் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிருக்கு நடுங்குகிறாள் என்று எண்ணினேன்.

எனக்குப் பின்னால் வந்தவள் சித்தி. பாதி வழியில் நின்றுவிட்டாள். ஓரடி பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள்.

"ஐயையோ, அம்மா என்னயவே பாக்குறா," என்றாள். "இங்கிட்டு வந்தா இங்கிட்டுத் திரும்புறா. அங்கிட்டுப் போனா அங்கிட்டுத் திரும்புறா. நீங்களே பாருங்க!"

கூட்டம் எட்டிப் பார்த்தது. நின்ற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு எதுவும் அசையவில்லை. பூசாரி உள்ளே போய், முக்காலிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "மொகம் செவுத்தப் பாத்துத்தான் இருக்கு. ஒரு நூலுகூட அசையல," என்றார். அவர் சொன்னது உண்மை. அதுதான் சித்திக்கு வினையாகப் போயிற்று. கண் திறக்காத சாமி, சுவரைப் பார்த்து இருக்கிற சாமி, ஒருத்தியை மட்டும் திரும்பிப் பார்க்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

"குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்," என்றார் பெரிய கங்காணி. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டைச் சோதித்தார்கள். அரிசிப் பானையைக் கொட்டினார்கள். பரிசப் புடவையை உதறினார்கள். அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாயைத் திறக்கவில்லை. மூக்குத்தி கிடைக்கவில்லை.

மறுநாள் கிடைத்தது. பூசாரி பூக்கூடையைக் கவிழ்த்துத் தட்டியபோது அடிப்பின்னலில் சிக்கியிருந்த மூக்குத்தி அவர் காலடியில் விழுந்தது. வாடிய பூவை அள்ளும்போது அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. யாரும் எதையும் திருடவில்லை. நான் லயம் நெடுகக் கத்திக்கொண்டே ஓடினேன். சித்தி அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எல்லாம் தீர்ந்தது என்றுதான் நானும் அவளும் நினைத்தோம்.

எனக்கு வாழ்க்கையில் அதிர்ச்சி என்றால் என்ன என்று தெரிந்தது அன்று சாயங்காலம்தான். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மூக்குத்தி கெடைச்சிருச்சு, சரி. அப்ப அம்மா எதுக்கு அவளப் பாத்தா?"

மூக்குத்தியைத் திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள் போலிருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்டம் கட்டி, காலில் விழுந்து முடித்திருக்கலாம். இது திருட்டில்லை என்றானதும் அதைவிடப் பெரியதாக என்ன இருக்கும் என்று தேட ஆரம்பித்தார்கள். வயசுப் பெண் செய்யக்கூடியது என்று ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு மூன்று நாளில் லுணுகலைக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. புடவையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால் சித்தியும் நம்பினாள். அம்மன் தன்னைப் பார்த்தது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். ஏன் என்பதுதான் தெரியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து தன் பாவங்களைத் தேடினாள். கொழுந்துச் சாக்கில் ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கனம் கூட்டியது. அம்மாவின் சேலையைக் கேட்காமல் கட்டியது. பூசாரியைப் பார்த்துச் சிரித்தது. ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பாள். பிறகு, இதுக்கெல்லாமா அப்படிப் பாப்பா என்று தானே தலையை ஆட்டுவாள்.

திருவிழா முடியும்வரை அவள் கோயில் பக்கம் வரக்கூடாது என்றார்கள். பத்தர் வந்து கண் திறந்தார். முகத்தை வாசலைப் பார்க்கத் திருப்பினார்கள். பளபளவென்று, மூக்குத்தியோடு, உண்மையான முன்பக்கம். பயந்து பயந்து குறுக்கே நடந்தவர்களில் யாரையும் அம்மன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா சாந்தமாகிவிட்டாள், பாவி ஒதுங்கியதும் கோபம் தணிந்துவிட்டது என்று ஊர் பெருமூச்சு விட்டது. நானும் விட்டேன்.

கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவுக்குத் தூரத்து உறவு இருந்தது. சித்தியை அங்கே அனுப்புவது என்று முடிவாயிற்று. புறப்படும் காலையில் அவள் எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

"உண்மையைச் சொல்லணும்," என்றாள் முதுகுக்குப் பின்னால் இருந்து. "கோயில்ல அம்மா ஒன்னயப் பாத்தாளா?"

வெல்லக்கட்டி நினைவுக்கு வந்தது. "இல்ல சித்தி," என்றேன்.

பின்னலை முடித்து, ரிப்பனை இறுக்கிக் கட்டி, "சரி, போ," என்றாள்.

ஆறு வருஷம் கழித்து அந்த முகத்தின் காதோரம் தகடு விட்டுப்போயிற்று. பற்றவைக்க அப்பா அதைப் பதுளைக்கு எடுத்துப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். பதினாலு வயது. பத்தரின் பட்டறை இருட்டாக, கரியும் அரக்கும் மணக்க இருந்தது. அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நான் சும்மா அங்குமிங்கும் நடந்தேன். எதிர்ச் சுவரில் வேறு ஏதோ கோயிலுக்கான முகம் ஒன்று, முடியாத வேலை, தொங்கிக்கொண்டிருந்தது. அது என்னைத் திரும்பிப் பார்த்தது.

கத்திவிட்டேன். அப்பா பாய்ந்து வந்தார். பத்தர் நிமிரக்கூட இல்லை. "அது எல்லாரையும் பாக்கும், தங்கச்சி. நீ பாக்குறது பின்பக்கத்துக் குழி. தொட்டுப் பாரு."

தொட்டேன். மூக்கைத் தொடப் போன விரல் மூக்கு இருந்த இடத்தைத் தாண்டி உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. முகத்துக்குள் என் கை மணிக்கட்டு வரை இறங்கியது. கையை எடுத்துவிட்டு நாலடி தள்ளி நின்றால் மறுபடி புடைத்த மூக்கு, புடைத்த கன்னம். நடந்தால் கூடவே வந்தது. இடமும் வலமுமாக எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது.

பின்னாளில் நான் ஆசிரியையாகி, நாலு புத்தகம் படித்தபோது காரணம் விளங்கியது. பிறந்ததிலிருந்து நாம் பார்த்த முகமெல்லாம் வெளியே புடைத்த முகம். குழிந்த முகத்தைக் கண் காட்டினாலும் மூளை அதை ஒத்துக்கொள்வதில்லை. முகம் என்றால் மேடுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கீழே இருந்து விளக்கு அடித்தால் குழியில் விழும் நிழல், மேலிருந்து வெளிச்சம் விழுந்த மேட்டைப் போலவே இருக்கும். சந்தேகத்துக்கு இடமே இராது. தூரத்தில் இருக்கும் மூக்கைப் பக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்ட பிறகு, நாம் நகர்ந்தால் கணக்கு இடிக்கும். அதைச் சரிக்கட்ட, முகம் திரும்புகிறது என்று மூளை இன்னொரு பொய் சொல்லும். பூசாரியைப் போல கிட்டப் போய்க் குனிந்தால் குழி குழியாகவே தெரிந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்று பட்டறையில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. பத்தர் சொன்ன ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். எல்லாரையும்.

"அப்பா, அன்னிக்கு ஒங்களையும் பாத்துச்சா?"

அப்பா பத்தருக்குக் கூலியை எண்ணிக் கொடுத்தார். பஸ்ஸில், பசறைக்கு ஏறும் வளைவுகளில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"பாத்துச்சு. ஒங்கம்மாவையும் பாத்துச்சு. அன்னிக்கே எங்கிட்ட சொன்னா."

வீட்டைச் சோதித்தபோது, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அம்மாவுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் புடவையை மடித்தபோது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மூணு பேரையும் தள்ளி வச்சிருப்பாங்க. லயத்தக் காலி பண்ணச் சொன்னா, ஒன்னய வச்சிக்கிட்டு எங்க போறது?"

முப்பது பேரில் எத்தனை வீட்டில் இதே பேச்சு நடந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் மனது கொதிக்கிறது. அன்றைக்கு எனக்குக் கோபம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அதை மீறி ஒரே சந்தோஷம். சித்திமேல் குற்றமே இல்லை! இதை உடனே அவளிடம் சொல்ல வேண்டும். அப்பாவைப் பிய்த்தெடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேண்டாவெறுப்பாகப் புறப்பட்டார். அம்மா வரவில்லை. சித்திக்குப் பிடிக்கும் என்று விடிய எழுந்து முறுக்குச் சுட்டு, ஒரு பொட்டலமாகக் கட்டி என் கையில் கொடுத்தாள்.

சித்தி அங்கே பிள்ளைக்காம்பராவில் வேலையாக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. மெலிந்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை என்று உறவுக்காரப் பெண் சொன்னாள். என்ன பாவம் என்று தெரியாவிட்டாலும் கழித்துவிடலாம் என்று விரதம்.

நான் மூச்சுவிடாமல் சொன்னேன். உள்ளங்கையைக் குழித்துக் காட்டினேன், பட்டறையில் நடந்தது போல இடமும் வலமுமாக நடந்து காட்டினேன். பித்தளையின் விளையாட்டு, அம்மன் அசையவே இல்லை, எல்லாரையும் பார்த்த மாதிரித்தான் இருந்தது என்று சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவள் முகம் மலர்ந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணல?"

"ஒண்ணுமே பண்ணல சித்தி!"

"எல்லாரையுமா பாத்தா?"

"ஆமா. என்னயப் பாத்தா, நான் பயத்துல பொய் சொல்லிட்டேன். அப்பாவப் பாத்தா. அம்மாவையும் பாத்தா, அன்னிக்கே அம்மா அப்பாகிட்ட சொன்னாங்களாம்!"

அப்பா இருமினார். நான் நிறுத்தவில்லை, எண்ண எண்ண ஆள் கூடினால் அவளுக்குச் சந்தோஷமும் கூடும் என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். சித்தி என்னை விட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அக்காவுக்குத் தெரியுமா மாமா?"

அப்பா குனிந்து தரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து இரண்டாக ஒடித்தார்.

"நீ புள்ள. ஒன்னயச் சொல்லிக் குத்தமில்ல," என்று சித்தி என் தலையைத் தடவினாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஒரு பிள்ளை அழுதது. தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். எங்களை பஸ் நிற்கும் இடம்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். ஏறும்போது, கட்டுப் பிரிக்காத பொட்டலத்தை என் கையில் திருப்பி வைத்தாள்.

"இத அக்காகிட்டயே குடுத்துரு," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. அம்மா செத்ததற்கும் வரவில்லை.

அன்று பஸ்ஸில் நான் அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டே வந்தேன். இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டுபோயும் சித்தி ஏன் எங்களோடு திரும்பி வரவில்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்றல்லவா நினைத்தேன் என்றேன். எனக்குப் பசித்தது. பொட்டலத்தைப் பிரித்து, பதுளை வரும்வரை முறுக்கை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தேன்.